நம் பிரதிநிதியைத் தேர்ந்தெடுப்பவர் யார்?

ஒரு சமுதாயத்தின் குரல் அவையேற ஒருவர் வேண்டும். அவரையே பிரதிநிதி என்கிறோம். அவர் என்ன பேசினார் என்று ஆராயுமுன், அவரை அனுப்பியவர் யார் என்று கேட்டறிதல் வேண்டும். ஏனெனில், அனுப்பியவருக்கே அவர் கணக்குக் காட்டக் கடமைப்பட்டவராகிறார். வெள்ளிவிழாக் காணும் இவ்வேளையில், நம் இளைஞர்கள் இவ்வரலாற்றை அறிந்திருத்தல் இன்றியமையாதது.

முதலாவது, நியமனக் காலம். 1919-ஆம் ஆண்டுச் சட்டப்படி அமைந்த சென்னைச் சட்டமன்றத்தில், தாழ்த்தப்பட்டோர்க்குரிய இடங்கள் அரசின் நியமனத்தால் நிரப்பப்பட்டன. சொத்தும் வரியுமே வாக்காளரை அளந்த அந்நாளில், நம் மக்களில் மிகப் பெரும்பாலோர்க்கு வாக்குரிமை இல்லை. எனினும் நம்மவர் அவையில் வாளா இருந்தாரல்லர். இழிபெயர்களை நீக்கி ஆதிதிராவிடர் என வழங்கவேண்டும் என்னும் தீர்மானம் 1922-ல் எம்.சி. இராசாவின் முயற்சியால் நிறைவேறிற்று. 1923-ல் நியமனம் பெற்ற இரட்டைமலை சீனிவாசனார், பொதுச் சாலைகளும் கிணறுகளும் எல்லார்க்கும் உரியன என்னும் தீர்மானத்தை 1924-ல் கொண்டுவந்து வெற்றி கண்டார்.

1930-ல் இலண்டனில் கூடிய வட்டமேசை மாநாட்டிற்கும் அண்ணல் அம்பேத்கரும் சீனிவாசனாரும் அரசின் அழைப்பினாலேயே சென்றனர். அங்கு இருவரும் அளித்த கோரிக்கையின் சாரம் யாது? எங்கள் பிரதிநிதிகளை நாங்களே தேர்ந்தெடுக்கும் உரிமை வேண்டும் என்பதே. நியமனம் பெற்றுச் சென்றவர்களே நியமன முறையை ஒழிக்கக் கேட்டனர் என்பது எண்ணத்தக்கது.

1931-ல் இரண்டாம் மாநாட்டில், தீண்டப்படாதார் எனப்பட்ட பெருந்திரளுக்கும் தாமே பிரதிநிதி எனக் காந்தியடிகள் உரிமை கோரினார். தாம் அரசால் நியமிக்கப்பட்டவரே என்பதை அண்ணல் மறைக்கவில்லை. ஆயினும், தேர்ந்தெடுக்கும் வாய்ப்பை மக்களுக்கு அளித்தால் தமக்கும் அவ்விடம் கிடைக்கும் என்று உறுதிபடக் கூறினார். அச்சொல்லைச் சோதித்துப் பார்க்க வாக்குச் சீட்டு ஒன்றே வழி. அதுவோ நம் மக்கள் கையில் இல்லை.

1932 ஆகஸ்டில் வெளியான வகுப்புவாரித் தீர்ப்பு, தாழ்த்தப்பட்டோர்க்கு 71 தனித் தொகுதிகளையும் இரட்டை வாக்கையும் அளித்தது. எரவாடா சிறையில் காந்தியடிகள் உண்ணாநோன்பு மேற்கொண்டார். செப்டம்பர் 24 அன்று பூனா ஒப்பந்தம் கையெழுத்தாயிற்று. இடங்கள் 148 ஆக உயர்ந்தன. சென்னை மாகாணத்திற்கு மட்டும் 30. ஆனால் தேர்தல் முறை மாறிற்று. முதனிலைத் தேர்தலில் நம் வாக்காளர் மட்டும் வாக்களித்து நால்வரைத் தெரிவு செய்வர். பின்னர் அந்நால்வருள் ஒருவரை எல்லாச் சாதியினரும் கூடித் தேர்ந்தெடுப்பர். எனவே, நம் மக்கள் முதல்வராகத் தெரிந்தவர் தோற்கவும், நான்காமவர் வெல்லவும் வழியிருந்தது. இடம் மிகுந்தது, தெரிவு பிறர் கைக்குச் சென்றது. அண்ணல் பின்னாளில் இம்முறையைக் கடிந்துரைத்ததன் காரணம் இதுவே.

1946-ல் அரசியல் நிர்ணய சபைக்கு மாகாணச் சட்டமன்றங்களே உறுப்பினரைத் தேர்ந்தன. அண்ணல் தம் பம்பாயிலிருந்து செல்ல இயலாமல், சோகேந்திரநாத் மண்டலின் துணையால் வங்காளத்திலிருந்து சென்றார். சென்னை மாகாணத்திலிருந்து சென்ற தாட்சாயணி வேலாயுதன், அச்சபையின் ஒரே தாழ்த்தப்பட்ட வகுப்புப் பெண் உறுப்பினர். தீண்டாமையை ஒழித்த 17-ஆம் பிரிவு அச்சபையில் பிறந்தது. வயது வந்தோர் அனைவர்க்கும் வாக்குரிமையும் அங்கேதான் உறுதியாயிற்று.

இன்று முதனிலைத் தேர்தல் இல்லை. தமிழ்நாட்டுச் சட்டமன்றத்தின் 234 இடங்களுள் 44 நமக்குரியவை. வேட்பாளரைக் கட்சிகள் நிறுத்துகின்றன. தொகுதியார் அனைவரும் வாக்களிக்கின்றனர். 1994-ஆம் ஆண்டு ஊராட்சிச் சட்டத்தால் ஊராட்சித் தலைவர் பதவியிலும் ஒதுக்கீடு வந்தது. அதன் விலையோ பெரிது. மேலவளவில் 1997 சூன் 30 அன்று தலைவர் முருகேசன் உள்ளிட்ட அறுவர் படுகொலையுண்டனர். பாப்பாபட்டி, கீரிப்பட்டி, நாட்டார்மங்கலம் ஊராட்சிகளில் 2006 வரை முறையான தேர்தலே நடைபெறவில்லை. ஒரு நாற்காலியில் நம்மவர் அமர்வதைத் தடுக்க இத்துணைக் கொடுமை நிகழ்ந்ததெனின், அந்நாற்காலியின் மதிப்பை நாம் உணர வேண்டாமா?

இளைஞர்களே! நம் வாக்கால் மட்டும் வெல்லாதவர் நமக்கு மட்டும் அஞ்சார். ஆகவே, வாக்களித்த மறுநாள் நம் கடமை முடிந்துவிடுவதில்லை. வாக்காளர் பட்டியலில் பெயரைச் சரிபாருங்கள். கிராம சபையில் எழுந்து நின்று வரவு செலவைக் கேளுங்கள். சட்டமன்றத்தில் நம் உறுப்பினர் எழுப்பிய வினாக்களைப் படித்தறியுங்கள். அன்று நம் முன்னோர் தேர்ந்தெடுக்கும் உரிமையைக் கேட்டனர். இன்று நாம் கேள்வி கேட்கும் கடமையை ஏற்போம். நாம் கற்ற கல்வியின் பயன் அதுவே.