இங்கிலாந்தின் கடற்கரை விடுதிகள்: வைத்தியச் சீட்டிலிருந்து மில் விடுமுறை வரை

இங்கிலாந்தின் கடற்கரை ஊர்களுக்கு முதன்முதலில் விருந்தாளிகளை அனுப்பிவைத்தவர்கள் வைத்தியர்கள். அதற்கு முன்பு அந்நாட்டில் கடலோரம் மீனவருக்கும் மாலுமிக்கும் உரியதாக இருந்தது. வசதி படைத்தவர்கள் அங்கே போய்த் தங்க எந்தக் காரணமும் இருக்கவில்லை. யார்க்‌ஷயரின் ஸ்கார்பரோவில் 1626 வாக்கில் ஃபேரோ என்ற பெண்மணி, குன்றின் அடியில் கசியும் ஊற்றுநீருக்கு நோய் தீர்க்கும் குணம் உண்டு என்று கண்டு சொன்னார். 1660இல் ராபர்ட் விட்டி என்ற மருத்துவர் அந்த நீரைப் புகழ்ந்து ஒரு நூலே எழுதினார். ஊற்று இருந்தது கடற்கரையில். ஆகவே அதைக் குடிக்க வந்தவர்கள் மெல்லக் கடலிலும் இறங்கலானார்கள். 1735இல் ஜான் செட்டரிங்டன் வரைந்த ஸ்கார்பரோக் காட்சியில், சக்கரம் பூட்டிய குளியல் வண்டி ஒன்று தண்ணீருக்குள் நிற்கிறது. உடை மாற்றுவதற்கும் பிறர் கண்ணில் படாமல் நீரில் இறங்குவதற்கும் உதவிய அந்த மரப்பெட்டி, அடுத்த நூற்றைம்பது ஆண்டுகளுக்கு ஆங்கிலக் கடற்கரையை விட்டுப் போகவில்லை.

தெற்கே இதே வேலையைச் செய்தவர் லூயிஸ் நகரத்து மருத்துவர் ரிச்சர்ட் ரஸ்ஸல். சுரப்பி நோய்களுக்குக் கடல்நீரே மருந்து என்று வாதிடும் லத்தீன் நூலை 1750இல் வெளியிட்டார். கடலில் குளிப்பதோடு கடல்நீரைக் குடிக்கவும் வேண்டும் என்பது அவருடைய சிகிச்சை முறை. நோயாளிகள் பெருகவே, 1753இல் பிரைட்டனில் கடலைப் பார்த்தபடி பெரிய வீடு ஒன்றைக் கட்டிக் குடியேறினார். 1759இல் அவர் இறந்தபின் அந்த வீடு பருவகால விருந்தாளிகளுக்கு வாடகைக்கு விடப்பட்டது. அது இருந்த இடத்தில் 1826இல் ஆல்பியன் ஓட்டல் எழுந்தது.

அக்காலத்தில் கடலோரத்துக்கு வந்தவர்கள் இன்றுபோல் ஒரு வாரத்தில் திரும்புகிறவர்கள் அல்ல. வாரக்கணக்கில், சிலர் மாதக்கணக்கில் தங்கினார்கள். வேலைக்காரர்களையும் உடன் அழைத்து வந்தார்கள். ஊரில் இருந்த சத்திரங்கள் குதிரைவண்டிப் பயணிகள் ஓரிரவு தங்கிப்போக ஏற்பட்டவை. நீண்ட நாள் தங்குகிறவர்களுக்கு அவை ஒத்துவரவில்லை. ஆகவே உள்ளூர்க்காரர்கள் தங்கள் வீட்டிலேயே அறைகளை ஒழித்து வாடகைக்கு விட்டார்கள். நடனம், சீட்டாட்டம், அறிமுகங்கள் எல்லாம் சத்திரத்தோடு சேர்ந்த பொதுமண்டபத்தில் நடந்தன. பிரைட்டனின் ஓல்டு ஷிப் விடுதி இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. பதினாறாம் நூற்றாண்டிலிருந்தே அறியப்பட்ட அந்தச் சத்திரம் 1767இல் நடன மண்டபம் கட்டிக்கொண்டது. 1831இல் வயலின் மேதை பாகனீனி அங்கே வாசித்தார்.

வைத்தியர் தொடங்கியதை அரச குடும்பம் நாகரிகமாக்கியது. பட்டத்து இளவரசர் ஜார்ஜ் 1783இல் பிரைட்டனுக்கு வந்தார். அந்த ஊர்மேல் கொண்ட மோகம் பிறகு ராயல் பெவிலியன் மாளிகையாக உருவெடுத்தது. அவருடைய தந்தை மூன்றாம் ஜார்ஜ் மன்னர் நோய்க்குப் பின் உடல் தேற 1789இல் வெய்மத் சென்றார். அங்கே அவர் தங்கிய குளோஸ்டர் லாட்ஜ் பின்னாளில் ஓட்டலாக மாறியது. பிரைட்டனின் இந்தக் கதையில் ஓர் இந்தியருக்கும் இடம் உண்டு. பாட்னாவில் 1759இல் பிறந்த ஷேக் தீன் முகமது, 1821இல் கடற்கரைச் சாலையில் குளியலகம் ஒன்றைத் திறந்தார். மூலிகை நீராவியும் இந்திய முறை உடம்புபிடித்தலும் அங்கே சிகிச்சை. அந்த இளவரசராக இருந்து மன்னரான நான்காம் ஜார்ஜும், அவருக்குப் பின் வந்த நான்காம் வில்லியமும் தீன் முகமதுவிடம் சிகிச்சை பெற்றார்கள். அந்தக் குளியலகம் இருந்த இடத்தில் இன்று குவீன்ஸ் ஓட்டல் நிற்கிறது.

1841இல் லண்டன்–பிரைட்டன் ரயில் பாதை திறந்தது. குதிரைவண்டியில் அரைநாள் பிடித்த வழி, ஏறக்குறைய இரண்டு மணி நேரமாகச் சுருங்கியது. ஸ்கார்பரோவுக்கு 1845இலும் பிளாக்பூலுக்கு 1846இலும் ரயில் வந்தது. வந்து இறங்கும் கூட்டத்துக்கு வாடகை அறைகள் போதவில்லை. பெரிய கட்டடத்துக்குப் பெரிய முதல் வேண்டும். அதற்கு வழிவிட்டது 1855ஆம் ஆண்டின் வரையறுத்த பொறுப்புச் சட்டம். கம்பெனி நொடித்தாலும் பங்குதாரர் போட்ட பணத்துக்கு மேல் இழக்கவேண்டியதில்லை என்ற நிலை வந்ததும், கடலோர ஓட்டல் கட்டப் பங்குக் கம்பெனிகள் முளைத்தன. 1860களில் எழுந்த மாபெரும் ஓட்டல்களைப் பற்றிப் பேசுகிறவர்கள் ரயிலை மறப்பதில்லை. இந்தச் சட்டத்தையும் அதே அளவு நினைக்கவேண்டும்.

1863இல் சால்ட்பர்னில் திறந்த ஸெட்லண்ட் ஓட்டலுக்கு ரயில் பாதை கட்டடத்தின் பின்வாசல் வரைக்கும் நீண்டது. விருந்தாளிகள் ரயிலிலிருந்து இறங்கி நேரே ஓட்டலுக்குள் நடந்தார்கள். 1864இல் பிரைட்டனில் ஜான் விச்கார்டின் வடிவமைப்பில் கிராண்ட் ஓட்டல் எழுந்தது. அதில் இருந்த லிஃப்ட் நீரழுத்தத்தால் இயங்கியது. லிஃப்ட் வந்தபிறகுதான் மேல்மாடி அறைக்கும் நல்ல விலை கிடைத்தது. முன்பெல்லாம் உயரே போகப்போக வாடகை குறைவு, படியேற யார் விரும்புவார்கள்?

இவற்றுள் மிகத் துணிச்சலானது ஸ்கார்பரோவின் கிராண்ட் ஓட்டல். லீட்ஸ் நகர மண்டபத்தைக் கட்டிய கட்டடக் கலைஞர் கத்பர்ட் பிராட்ரிக் வடிவமைத்து, 1867இல் திறக்கப்பட்ட இது, அன்றைய ஐரோப்பாவின் மிகப்பெரிய ஓட்டல்களில் ஒன்று. ஆண்டுக் கணக்கையே கட்டடமாக்கினார்கள்: பருவங்களுக்கு நான்கு கோபுரங்கள், மாதங்களுக்குப் பன்னிரண்டு தளங்கள், வாரங்களுக்கு 52 புகைபோக்கிகள், நாட்களுக்கு 365 படுக்கையறைகள். விக்டோரியா அரசியின் நினைவாகக் கட்டடத்தின் தரைவடிவம் அவர் பெயரின் முதலெழுத்தான ‘வி’யை ஒத்திருந்தது. குன்றின் சரிவில் நிற்பதால் ஊர்ப்பக்கம் பார்த்தால் சில மாடிகளே தெரியும். கடற்பக்கம் இறங்கி நின்றால்தான் அதன் முழு உயரமும் எழும். குளியலறைகளில் நல்ல தண்ணீருக்கு ஒரு குழாய், கடல்நீருக்கு ஒரு குழாய். ரஸ்ஸலின் வைத்தியம் ஒரு நூற்றாண்டு கழித்தும் பித்தளைக் குழாயில் உயிரோடு இருந்தது. இதே இடத்தில் முன்பு இருந்த வாடகை வீட்டில்தான் நாவலாசிரியர் ஆன் பிராண்ட்டி கடற்காற்றில் உடல் தேறலாம் என்ற நம்பிக்கையோடு வந்து தங்கி, 1849 மே 28 அன்று இறந்தார். ஸ்கார்பரோவிலேயே புனித மேரி தேவாலயத்து மயானத்தில் அவருடைய கல்லறை இருக்கிறது.

இன்று பழைய கடற்கரை ஓட்டலின் அழகு என்று சொல்லப்படுபவை பெரும்பாலும் அன்றைய வியாபார உத்திகள். முன்னே பிதுங்கிய வளைவு ஜன்னல் வந்தது, பக்கவாட்டு அறையிலிருந்தும் கடலைக் காட்டினால் வாடகை கூடும் என்பதற்காக. கண்ணாடி அடைத்த வெயில்கூடம் வந்தது, வட கடலின் குளிர்காற்று படாமல் கடலைப் பார்க்க. சாப்பாட்டுக்கு மணி அடித்தது, சமையலறை ஒரே நேரத்தில் எல்லாருக்கும் சூடாகப் பரிமாற முடியும் என்பதற்காக. தேவையிலிருந்து பிறந்ததால்தான் அவை இத்தனை காலம் நிலைத்தன. அலங்காரத்துக்காக மட்டும் சேர்த்திருந்தால் என்றோ இடித்துவிட்டிருப்பார்கள்.

பணக்கார ஊர்கள் வேறொரு போக்கில் வளர்ந்தன. ஈஸ்ட்போர்னின் நிலத்தில் பெரும்பகுதி டெவன்ஷயர் பிரபு குடும்பத்தின் கையில் இருந்ததால், கடலோரச் சாலையில் கடைகள் வரவிடாமல் காத்தார்கள். அங்கே 1875இல் திறந்த கிராண்ட் ஓட்டலில் 1905 கோடையில் தங்கிய இசையமைப்பாளர் டெபுஸி, கடலைப் பற்றிய தம் புகழ்பெற்ற இசைப்படைப்பான ‘லா மேர்’ஐ அங்கே முடித்தார். போர்ன்மத்தின் ராயல் பாத் ஓட்டல் விக்டோரியா முடிசூடிய 1838 ஜூன் 28 அன்று திறக்கப்பட்டது. பின்னாளில் அதை வாங்கிய மெர்ட்டன் ரஸ்ஸல்-கோட்ஸ் ஓவியங்களையும் கலைப்பொருட்களையும் சேர்த்து, ஊருக்கு ஓர் அருங்காட்சியகத்தையே விட்டுச்சென்றார்.

ஆனால் கடற்கரைக்கு வந்த ஆங்கிலேயர்களில் பெரும்பாலோர் இத்தகைய மாளிகைகளின் படியை மிதித்ததே இல்லை. அவர்கள் தங்கியது பின்தெருக்களின் சிறு விடுதிகளில். அந்த உலகத்தின் தலைநகரம் லங்காஷயரின் பிளாக்பூல். சுற்றியிருந்த பஞ்சாலை நகரங்களில் ‘வேக்ஸ்’ என்ற பழைய தேவாலயத் திருவிழா, காலப்போக்கில் ஒரு வார விடுமுறையாக மாறியது. ஊருக்கு ஊர் அந்த வாரம் வேறு. ஒரு நகரத்தின் மில்கள் எல்லாம் மூடும், கொதிகலன்களைப் பழுதுபார்ப்பார்கள், தொழிலாளர்கள் குடும்பத்தோடு ரயிலேறுவார்கள். அந்த வாரத்துக்குச் சம்பளம் கிடையாது. ஆண்டு முழுவதும் வாராவாரம் சிறுதொகை கட்டும் சேமிப்புச் சங்கங்கள் இருந்ததால்தான் பயணம் நடந்தது. ஊர்கள் முறைவைத்து வந்ததால் பிளாக்பூலின் அறைகள் கோடை முழுவதும் நிரம்பின. 1901இல் அவ்வூரின் மக்கள்தொகை 47,000ஐத் தாண்டியது.

இந்த விடுதிகளை நடத்தியவர்கள் பெரும்பாலும் பெண்கள்: கைம்பெண்கள், மணமாகாதவர்கள், மில்லில் உழைத்துச் சேர்த்த பணத்தோடு வந்தவர்கள். கணவர் வேறு வேலைக்குப் போக, வீட்டை வருமானமாக்கியவர்களும் உண்டு. முதலாளியாக ஒரு தொழிலை நடத்தும் வாய்ப்பு பெண்களுக்கு அரிதாகவே கிடைத்த காலத்தில், இந்த வீட்டுக்காரம்மாக்கள் கணக்கும் கண்டிப்புமாகத் தொழில் செய்தார்கள். ஒரு மில் நகரத்திலிருந்து வந்து குடியேறிய வீட்டுக்காரம்மாவிடம் அவ்வூர்க்காரர்களே ஆண்டுதோறும் வந்து தங்கினார்கள். அடுத்த ஆண்டுக்கான அறையைக் கிளம்பும் நாளிலேயே சொல்லிவைத்தார்கள்.

தங்கும் முறையும் இன்றையதைப் போல் இருக்கவில்லை. விருந்தாளிகளே கறியும் மீனும் உருளைக்கிழங்கும் வாங்கிவந்து கொடுப்பார்கள்; வீட்டுக்காரம்மா ஒவ்வொரு குடும்பத்துக்கும் தனித்தனியே சமைத்துத் தருவார். அறை வாடகையும் சமைப்பதற்கான கூலியுமே அவருக்கு வருமானம். மேசைமேல் வைக்கும் உப்பு, மிளகு, சாஸ் புட்டிகளுக்குக்கூடத் தனிக் கட்டணம் போட்ட வீடுகள் இருந்தன. நெரிசல் காலத்தில் ஒரு கட்டிலில் பலர் படுத்தார்கள். காலை உணவுக்குப் பின் வெளியே போய்விடவேண்டும், இரவில் குறித்த நேரத்துக்குள் திரும்பவேண்டும். இந்த விதிகளை வைத்துப் பின்னாளில் எத்தனையோ கேலிப்படங்கள் வந்தன. அவை நியாயமற்றவை. பகலில் ஆள் இல்லாவிட்டால்தான் இத்தனை படுக்கைகளை உதறி, பாத்திரம் துலக்கி, அடுத்த வேளைக்குச் சமைக்க முடியும். கோடையின் சில மாத வருமானத்தில்தான் ஆண்டு முழுவதும் அந்த வீடு ஓடவேண்டும். அந்தப் பருவத்தை நீட்டிக்க ஊரே முயன்றது. 1912இல் பிளாக்பூலில் தொடங்கிய மின்விளக்கு அலங்காரம், கோடை முடிந்த பிறகும் கூட்டத்தை இழுத்தது.

முதல் உலகப்போரில் கடற்கரை விடுதிகள் வேறு பணிக்குப் போயின. 1914 டிசம்பர் 16 அன்று ஜெர்மானியப் போர்க்கப்பல்கள் ஸ்கார்பரோவைச் சுட்டபோது கிராண்ட் ஓட்டலும் அடிபட்டது. பிரான்ஸ் போர்முனையில் காயம்பட்ட இந்தியச் சிப்பாய்களுக்குப் பிரைட்டனின் பெவிலியன் மாளிகை மருத்துவமனையானது. போர்ன்மத்தின் மோண்ட் டோர் ஓட்டலும் அவர்களுக்குச் சிகிச்சை அளித்தது. இரண்டாம் போரில் தென்கரைக் கடற்கரைகளில் கண்ணிவெடி புதைத்து முள்வேலி போட்டார்கள். பெரிய ஓட்டல்களில் படையினர் குடியேறினர். பிளாக்பூலின் சிறு விடுதிகளிலோ விமானப்படைக்குப் பயிற்சி பெற வந்த இளைஞர்கள் தங்கினார்கள்.

இரு போர்களுக்கும் இடையே கடற்கரைக் கட்டடக்கலை புதுமுகம் பெற்றது. டெவன் கரையோரத் தீவில் 1929இல் எழுந்த பர்க் தீவு ஓட்டலும், மோர்கம்பில் ரயில்வே நிறுவனத்துக்காக ஆலிவர் ஹில் வடிவமைத்து 1933இல் திறந்த மிட்லண்ட் ஓட்டலும் வெண்ணிறச் சுவரும் வளைந்த கோடுகளுமாக நின்றன. 1936இல் ஸ்கெக்னஸில் பில்லி பட்லின் முதல் விடுமுறை முகாமைத் திறந்தார். 1938இல் சம்பளத்தோடு விடுமுறைக்கான சட்டம் வந்தது. போர் முடிந்தபின் அந்தச் சட்டத்தின் பலன் முழுமையாகக் கிடைத்தது. 1940களின் இறுதியும் 1950களும் சிறு விடுதிகளின் பொற்காலம்.

சரிவு பல பக்கங்களிலிருந்து வந்தது. விமானமும் தங்குமிடமும் சேர்த்து விற்கும் சுற்றுலாத் திட்டங்கள், வெயில் நிச்சயமாக அடிக்கும் ஸ்பெயினுக்குக் கூட்டத்தைத் திருப்பின. பஞ்சாலைகள் மூட, வேக்ஸ் வாரமும் தேய்ந்தது. 1971இன் தீத்தடுப்புச் சட்டம் ஆறு பேருக்கு மேல் தங்கும் விடுதிகளுக்குத் தீப்பாதுகாப்புச் சான்றிதழைக் கட்டாயமாக்கியது. உயிர் காக்கும் சட்டம் அது; ஆனால் தீக்கதவும் மாற்றுப் படிக்கட்டும் அமைக்கப் பணமில்லாத பல சிறு விடுதிகள் மூடின. அறையோடு சேர்ந்த குளியலறை வேண்டும் என்று விருந்தாளிகள் கேட்கவே, விக்டோரியா காலத்து அறைகளின் மூலையைத் தடுத்துக் குறுகிய குளியலறைகள் செருகப்பட்டன. 1980களில் பல விடுதிகள் அரசு உதவித்தொகையில் வாழ்வோருக்கான ஒற்றை அறைகளாக மாறின. பிரைட்டன் கிராண்ட் ஓட்டலில் 1984 அக்டோபர் 12 அன்று ஐரிஷ் குடியரசுப் படை வைத்த குண்டு ஐந்து பேரைக் கொன்றது; சீரமைத்து 1986இல் மீண்டும் திறந்தார்கள்.

மீண்டவையும் உண்டு. பாழடைந்து கிடந்த மிட்லண்ட் ஓட்டல் புதுப்பிக்கப்பட்டு 2008இல் திறந்தது. மார்கேட், ஃபோக்ஸ்டன் போன்ற ஊர்களில் கலைக்கூடங்களும் விழாக்களும் வந்தபின் பழைய வீடுகளைச் சிறு ஓட்டல்களாக்கும் போக்கு வளர்ந்திருக்கிறது. ஸ்கார்பரோ கிராண்ட் போன்ற பல கட்டடங்கள் சட்டப்பாதுகாப்புப் பட்டியலில் உள்ளன. அந்தப் பாதுகாப்பு, அனுமதியின்றி ஜன்னலை மாற்றவும் சுவரை இடிக்கவும் தடை போடுகிறது. உப்புக்காற்றில் அரிக்கும் இரும்பையும் ஒழுகும் கூரையையும் பழுதுபார்க்கும் செலவோ உரிமையாளரையே சேர்கிறது. 2023இல், ரஸ்ஸலின் வீடு இருந்த இடத்தில் எழுந்த பிரைட்டனின் ராயல் ஆல்பியன் ஓட்டல் தீக்கிரையானபின் அதன் ஒரு பகுதியை இடிக்கவேண்டியதாயிற்று. எஞ்சியிருக்கும் விடுதிகளில் பன்றி இறைச்சி, முட்டை, வறுத்த ரொட்டி, விட்பி போன்ற துறைமுக ஊர்களில் புகையிட்ட ஹெரிங் மீன் என்று பழைய பாணிக் காலைச் சாப்பாடு இன்றும் பரிமாறப்படுகிறது. அறை வாடகையிலேயே அதையும் சேர்த்துக்கொள்வது வழக்கம்.