ஆறு இலக்கம்

என் அத்தை வாழ்க்கைப்பட்ட ஊருக்குப் புதூர் என்று பெயர். "எந்தப் புதூர்?" என்று கேட்கிறீர்களா? அந்தக் கேள்வியில்தான் விஷயமே இருக்கிறது. ஜில்லாவுக்கு ஜில்லா புதூர்கள் உண்டு.

1968-ல் என் பாட்டி படுத்த படுக்கையாகி, "மகளை ஒருமுறை பார்க்க வேண்டும்" என்றாள். அப்பா உடனே ஒரு கார்டு எழுதிப் போட்டார். அவசரத்தில் ஜில்லாவின் பெயரை எழுத மறந்துவிட்டார். அத்தை வரவில்லை. பாட்டி கண்ணை மூடிய பிறகு, சரியான விலாசத்துக்குப் போன தந்திதான் அவளை அழைத்து வந்தது. "உயிரோடு இருக்கும்போது சொல்லக் கூடாதா, அண்ணா?" என்று அழுதாள். கார்டு போட்டதாக அப்பா சொன்னதை அவள் நம்பவில்லை. காரியங்கள் முடிந்து அவள் ஊர் திரும்பிய பிறகு, வேறு இரண்டு புதூர்களைச் சுற்றிவிட்டு, மேலெல்லாம் முத்திரையுடன் அந்தக் கார்டு போய்ச் சேர்ந்தது.

பெயரை மட்டும் நம்பினால் இப்படித்தான். லண்டன் நகரத்துக்கு 1850-களின் கடைசியிலேயே இந்தச் சங்கடம் வந்துவிட்டது. ஊரைத் திசைவாரியாகப் பிரித்து, எழுத்துக்களால் அடையாளம் கொடுத்தார்கள். 1917-ல் எண்களையும் சேர்த்தார்கள். அமெரிக்கா 1963-ல் தேசம் முழுவதற்கும் எண் கொடுத்தது. நம் சென்னையிலும் மயிலாப்பூருக்கு 4, திருவல்லிக்கேணிக்கு 5, தியாகராய நகருக்கு 17 என்று எண்கள் இருந்தன. ஆனால் அவை பட்டணத்துக்குள் மட்டுமே செல்லுபடியாகும். கிராமத்துப் புதூருக்கு அந்தப் பாக்கியம் இல்லை.

நம் தேசத்தில் இன்னொரு சிக்கலும் உண்டு. கல்கத்தாவில் இருக்கும் பிள்ளை, தாய்க்குத் தமிழில் விலாசம் எழுதிப் போடுகிறான். தபால் பிரிக்கிறவரோ வங்காளி. அவர் என்ன செய்வார், பாவம்! எண்ணாக இருந்தால் இருவருக்கும் பொது. இந்த யோசனைக்கு உருவம் கொடுத்தவர் தபால் இலாகாவின் உயர்ந்த உத்தியோகஸ்தர், ஸ்ரீராம் பிகாஜி வேலண்கர். அவர் சம்ஸ்கிருதத்தில் கவிதையும் நாடகமும் எழுதியவர். ஒரு கவி எண்களைத் தேடிப் போனதை நினைத்தால் எனக்குச் சந்தோஷமாக இருக்கிறது. 1972 ஆகஸ்ட் 15 அன்று பின்கோடு அமுலுக்கு வந்தது.

அதன் சூட்சுமம் எளிது. கும்பகோணத்தின் 612001-ஐ எடுத்துக் கொள்ளுங்கள். முதலில் வரும் 6, கடிதத்தைத் தமிழ்நாடு, கேரளம் இருக்கும் பக்கம் திருப்புகிறது. 61 என்றதும் தமிழ்நாட்டுக்குள் வந்துவிட்டோம். கேரளத்துக்கு 67 முதல் 69 வரை. 612 என்பது தபால் பிரிக்கும் ஜில்லா. கடைசி மூன்று இலக்கம் பட்டுவாடா செய்யும் தபாலாபீஸ். 9-ல் தொடங்கினால் அது ராணுவத் தபால். பழைய சென்னை எண்களையும் தள்ளிவிடவில்லை. சென்னை-4 என்பது 600004 ஆயிற்று.

நம் தபாலாபீஸ்கள் ஒன்றரை லட்சத்துக்கு மேல். பின்கோடுகளோ இருபதாயிரத்துக்கும் குறைவு. ஆகவே பல கிராமங்கள் ஒரே எண்ணில் குடித்தனம் செய்கின்றன. வீட்டு வாசலைக் கண்டுபிடிப்பது தபால்காரரின் சாமர்த்தியம். அந்தக் குறையைத் தீர்க்க 2025-ல் டிஜிபின் என்ற ஒன்று வந்திருக்கிறது. சுமார் நாலு மீட்டர் சதுரத்துக்கு ஒரு குறி. இன்று கைப்பேசியில் புடவை வாங்கினாலும் கடைக்காரர் கேட்பது பின்கோடைத்தான். அது அவர்கள் ஆள் வரும் ஊரா என்று தெரிய வேண்டுமே!

1972-க்குப் பிறகு அப்பா அத்தைக்கு எழுதிய கார்டுகள் என்னிடம் இருக்கின்றன. ஒவ்வொன்றிலும் அந்த ஆறு இலக்கத்தின் அடியில் இரண்டு கோடு இழுத்திருக்கிறார். 1968-ம் வருஷத்துக் கார்டும் அவற்றோடுதான் இருக்கிறது. அத்தை அதைக் கடைசிவரை தன் டிரங்குப் பெட்டியில் பத்திரமாக வைத்திருந்தாள்.