ஒட்டின் வடிவும் உறுதியும்

யாழ்ப்பாணத்தில் இரும்பு ஒட்டும் தொழிலின் வரலாற்றை மின்சாரத்தின் வரலாற்றிலிருந்து பிரிக்க முடியாது. 1990 இல் போர் மீண்டும் மூண்டபோது குடாநாடு தேசிய மின்வழங்கலை இழந்தது; பொருளாதாரத் தடையும் சேர்ந்தது. 3.2 மில்லிமீற்றர் வெல்டிங் குச்சியை உருக்க ஏறத்தாழ நூறு அம்பியர் வேண்டும். மண்ணெண்ணெயில் பழைய ஒஸ்ரின் கார்கள் ஓடிய அக்காலத்தில் ஒட்டு பிடித்தாலே பெரிது; வடிவு பிறகுதான். அக்கால ஒட்டுகளின் கரடுமுரடைத் திறமைக்குறைவு என்பது நியாயமல்ல, அது தட்டுப்பாட்டின் தடயம்.

இன்று மின்சாரமும் ஆர்கன் வாயுவும் கிடைக்கையில், பழைய குச்சி ஒட்டை, அவ்வாயுவின் காப்பில் டங்ஸ்ரன் முனையால் ஒட்டும் டிக் (TIG) முறையால் மீண்டும் உருக்கி அழகாக்கலாமா? 1940களில் அமெரிக்க விமானத் தொழிலில் மக்னீசியத்தை ஒட்ட உருவான முறை அது. வெறும் ஒப்பனை என்று சிலர் மறுப்பார்கள். உள்ளே வேர்வரை உருகாத ஒட்டுக்கு அம்மறுப்பு முற்றிலும் சரி: மேல்மினுக்கம் பலவீனத்தை மறைக்குமே தவிர மாற்றாது. அத்தகைய ஒட்டை வெட்டியெடுத்துப் புதிதாக ஒட்டவேண்டும். ஆனால் உள்ளே உறுதியான ஒட்டில் நிலைமை வேறு. ஒட்டின் ஓரத்திலுள்ள நுண்ணிய வெட்டுக்களிலும் கசடுகளிலும்தான் பெரும்பாலும் களைப்பு வெடிப்பு (திரும்பத் திரும்ப வரும் சுமையால் உண்டாகும் விரிசல்) தொடங்குகிறது. துருவையும் பெயின்றையும் கசடையும் அராவி நீக்கியபின் அவ்வோரத்தை டிக் மின்வில்லால் உருக்கினால், அது வழுவழுப்பாகி, திரும்பத் திரும்ப வரும் சுமையைக் கூடுதல் காலம் தாங்கும். உப்புக்காற்று வீசும் குடாநாட்டில் பெயின்றும் சீராகப் பிடிக்கும். ஆகவே வடிவு உறுதிக்குப் பகையல்ல. உறுதியைச் சோதித்த பின்னர் வரும்போது அதுவும் நேர்மையான வேலையே.