குடும்பத்தோடு முதல் பனிச்சறுக்குப் பயணம்: கிளேபாங்கிலிருந்து கிளம்புமுன் தெரிந்துகொள்ள வேண்டியவை

கடலைத் தூர்த்த இடத்தில் குவிந்து கிடக்கும் கிளேபாங் மணல்மேடுகளில் ஏறி இறங்கி விளையாடும் பிள்ளைகள், வீட்டுக்குத் திரும்பும்போது கேட்கும் கேள்வி ஒன்றுதான்: "அப்பா, நிஜமான பனியில் எப்போது சறுக்குவது?" கெந்திங்கிலும் ஷா ஆலாமிலும் செயற்கைப் பனி அரங்குகளைப் பார்த்த பிள்ளைகளுக்கு இந்த ஆசை இன்னும் கூடியிருக்கும்.

மலாக்காவின் நகரங்களிலும் தோட்டப்புறங்களிலும் இப்படிப்பட்ட ஒரு பயணம் பல குடும்பங்களுக்குப் பல ஆண்டுச் சேமிப்பு. அந்தப் பணம் வீணாவது பெரும்பாலும் ஒரே காரணத்தால்தான். வீட்டில் மிகவும் திடமாக இருப்பவரை மனத்தில் வைத்துத் திட்டம் போடுகிறோம். பாட்டி விடுதி வரவேற்பறையிலேயே உட்கார்ந்திருப்பார். சின்னப் பிள்ளை கையுறை நனைந்து காலை பதினொரு மணிக்கே அழத் தொடங்கும். அப்பா பயிற்சி எடுக்காமல் மேலே ஏறி முழங்காலைத் திருப்பிக்கொள்வார். ஆகவே இடம், காலம், செலவு எல்லாவற்றையும் குடும்பத்தில் வயதில் சிறியவரையும் மூத்தவரையும் முன்வைத்து முடிவு செய்யுங்கள்.

எந்த நாடு, எந்த மலை?

முதல் முறை போகும் குடும்பம் ஓர் இடத்தில் நான்கு வசதிகளைப் பார்க்க வேண்டும்: சாய்வு குறைந்த பயிற்சித் திடல், உபகரண வாடகை, ஆங்கிலத்தில் பயிற்சி, சறுக்காதவர்களுக்கும் பனியில் விளையாட இடம். மலையின் உயரமும் பெயரும் பிறகுதான்.

ஜப்பானில் காலா யுசாவா நம்மவர்க்கு எளிதான தொடக்கம். நீகாத்தா மாநிலத்தில் உள்ள இந்தத் தளத்துக்குத் தோக்கியோவிலிருந்து ஷிங்கான்சென் அதிவேக ரயிலில் சுமார் ஒன்றேகால் மணி நேரம்தான். ரயில் நிலையமும் பனிச்சறுக்குத் தளமும் ஒரே இடத்தில் இருக்கின்றன. ரயிலை விட்டு இறங்கி, அங்கேயே உடையும் உபகரணமும் வாடகைக்கு எடுத்து, கொண்டோலாவில் மேலே போகலாம். தோக்கியோவில் தங்கிக்கொண்டு ஒரே நாளில் போய் வரலாம் என்பதால் மலையில் விடுதிச் செலவு இல்லை. மாலையில் தொடக்கநிலையினர் சறுக்கி இறங்க வேண்டியதில்லை. கொண்டோலாவிலேயே நிலையத்துக்குத் திரும்பலாம். தோக்கியோ வைட் பாஸ் எனும் மூன்று நாள் ரயில் அட்டை இந்த நிலையம் வரை செல்லும்.

ஹொக்காய்டோவின் நிசெக்கோ உலகப் புகழ் பெற்றது. பனியின் தரம் உயர்ந்தது, ஆங்கிலம் பேசும் பயிற்றுநர்களும் நிறைய. ஆனால் விலை அதிகம், குளிரும் கடுமை. ஹொக்காய்டோதான் வேண்டும் என்றால், சப்போரோ மாநகர எல்லைக்குள்ளேயே இருக்கும் தெய்னே மலையைக் கவனியுங்கள். 1972 குளிர்கால ஒலிம்பிக்கின் சில பனிச்சறுக்குப் போட்டிகள் அங்குதான் நடந்தன. தொடக்கநிலையினருக்கும் அங்கே தனிப் பகுதி உண்டு.

தென் கொரியாவில் சியோலுக்கு அருகிலேயே பல தளங்கள் உள்ளன. ஹொங்சொன் வட்டாரத்தின் விவால்டி பார்க்கில், பனிச்சறுக்குத் தளத்தோடு 'ஸ்நோவிலாண்ட்' எனும் பனி விளையாட்டுப் பகுதியும் இருக்கிறது. சறுக்கத் தயங்கும் பெரியவர்களும் சின்னப் பிள்ளைகளும் அங்கே நாளைக் கழிக்கலாம். சற்றுத் தொலைவில் உள்ள யோங்பியோங், 2018 பியோங்சாங் ஒலிம்பிக்கில் ஸ்லாலம் போட்டிகள் நடந்த இடம். குளிர்கால ஒலிம்பிக்கில் மலேசியாவின் முதல் பனிச்சறுக்கு வீரரான ஜெஃப்ரி வெப் கலந்துகொண்டது அந்தப் போட்டிகளில்தான்.

இந்திய உறவினர்களைப் பார்க்கப் போகும்போது காஷ்மீரின் குல்மார்க்கையும் சேர்க்கலாமா என்று சிலர் கேட்கிறார்கள். ஜனவரி முதல் மார்ச் வரை அங்கே நல்ல பனி இருக்கும். கீழ்த்திடலில் தொடக்கநிலையினர் பழகலாம். ஆனால் குல்மார்க் சுமார் 2,650 மீட்டர் உயரத்தில் உள்ளது. கேமரன் மலையின் ஊர்களைவிட ஆயிரம் மீட்டருக்கும் மேல் அதிகம். அங்குள்ள கொண்டோலாவின் இரண்டாம் கட்டம் 3,900 மீட்டரைத் தாண்டிச் செல்லும், அது தேர்ந்தவர்களுக்கானது. இந்திய விசாவும், புறப்படுமுன் விஸ்மா புத்ராவின் பாதுகாப்பு அறிவுரையும் தேவை. மூச்சுத்திணறல், இதயநோய் உள்ள பெரியவர்களோடு போகும் முதல் பயணத்துக்கு இது பொருந்தாது.

எப்போது போவது?

பள்ளி விடுமுறை டிசம்பரில் என்பதால் பலரும் மாத முதல் வாரத்திலேயே டிக்கெட் எடுத்துவிடுகிறார்கள். அந்த நேரத்தில் பல மலைகளில் பனி போதுமான அளவு விழுந்திருக்காது. தளங்கள் பாதி மட்டுமே திறந்திருக்கலாம். டிசம்பர் 29 முதல் ஜனவரி 3 வரை ஜப்பானியர்களின் புத்தாண்டு விடுமுறை. கூட்டமும் விலையும் உச்சத்தில் இருக்கும். பள்ளி விடுமுறைக்குள் போக வேண்டுமானால் டிசம்பர் 18க்கும் 27க்கும் இடைப்பட்ட வார நாள்கள் ஓரளவு நல்ல தேர்வு.

சீனப் புத்தாண்டு விடுமுறையில் பனி நிறைய இருக்கும். ஆனால் கொரியர்களின் 'சொல்லால்' பெருநாளும் வழக்கமாக அதே நாள்களில்தான் வரும். அப்போது கொரியத் தளங்களில் நெரிசல் தாங்காது.

ஆவணங்களை முதலில் பாருங்கள்

விமான டிக்கெட்டுக்கு முன்பே எல்லாருடைய கடப்பிதழையும் எடுத்துப் பாருங்கள். திரும்பும் நாளுக்குப் பிறகும் ஆறு மாதச் செல்லுபடி இருப்பது பாதுகாப்பு. மலேசிய மின்னியல் கடப்பிதழ் வைத்திருப்போர் 2013 ஜூலை முதல் ஜப்பானுக்கு விசா இல்லாமல் குறுகிய காலம் செல்லலாம். கொரியாவுக்கு விசா தேவையில்லை என்றாலும் கே-இடிஏ எனும் இணைய அனுமதி குறித்த விதிகளை அதன் அதிகாரப்பூர்வ அகப்பக்கத்திலேயே பாருங்கள். கட்டணம் அதிகம் வாங்கும் போலி அகப்பக்கங்களில் சிக்காதீர்கள்.

நம் சமூகத்தில் பலர் கடைசி நேரத்தில் தடுமாறுவது இங்கேதான்: தாத்தா, பாட்டியிடம் இருப்பது சிவப்பு அடையாள அட்டையா என்று பாருங்கள். நிரந்தரவாசிகளுக்கு மலேசியக் கடப்பிதழ் கிடையாது. விசா விலக்கும் அவர்களுக்குப் பொருந்தாது. குடிநுழைவுத் துறையிடமும் செல்லவிருக்கும் நாட்டின் தூதரகத்திடமும் பல மாதங்களுக்கு முன்பே கேட்டுத் தெளிந்த பிறகே முன்பணம் கட்டுங்கள்.

பயண முகவர் வழி போனால், சுற்றுலா, கலை, பண்பாட்டு அமைச்சின் உரிம எண்ணைக் கேட்டுச் சரிபாருங்கள். தனிநபர் வங்கிக் கணக்கில் பணம் போடச் சொன்னால் விலகிக்கொள்ளுங்கள்.

உடை: வாங்குவதா, வாடகைக்கு எடுப்பதா?

சறுக்குப் பலகை, காலணி, கோல், தலைக்கவசம், நீர்புகா மேலுடை, காற்சட்டை அனைத்தும் தளத்திலேயே வாடகைக்குக் கிடைக்கும். கையுறை, தொப்பி, கண்ணாடி ஆகியவை பல இடங்களில் வாடகைத் தொகுப்பில் சேராது. அவற்றை இங்கிருந்தே வாங்கிப் போங்கள். பிள்ளைகளுக்கு இரண்டு சோடி நீர்புகா கையுறை வேண்டும். ஒன்று கட்டாயம் நனையும்.

உள்ளே உடலோடு ஒட்டிய தெர்மல் உடை, அதன்மேல் கம்பளி அல்லது ஃபிளீஸ், வெளியே நீர்புகா மேலுடை என மூன்று அடுக்குப் போதும். பருத்திச் சட்டையும் ஜீன்சும் வேண்டாம். அவை வியர்வையையும் பனிநீரையும் உறிஞ்சி உடலைக் குளிரவைக்கும். காலுறையும் ஒன்றே போடுங்கள். முழங்கால் வரை நீண்ட கம்பளிக் காலுறை. இரண்டு போட்டால் காலணிக்குள் இறுக்கமாகி இரத்த ஓட்டம் குறையும், கால் இன்னும் சில்லிடும். ஊரைச் சுற்றிப் பார்க்கும் நாள்களுக்கு வேண்டிய குளிர் மேலங்கிகளைப் புதிதாக வாங்கத் தேவையில்லை. பண்டல் கடைகளில் தேடினால் ஜப்பான், கொரியாவிலிருந்து வந்தவை மலிவாகக் கிடைக்கும்.

நீண்ட பின்னல், துப்பட்டா, கழுத்துத் துண்டு, தொங்கும் சங்கிலி எல்லாம் மேலுடைக்குள் இருக்க வேண்டும். சேர் லிஃப்டில் சிக்கினால் ஆபத்து.

பனியில் முதல் நாள்

பயிற்றுநரிடம் இரண்டு மணி நேரக் குழுப் பாடமாவது எடுங்கள். வேறு எதில் சிக்கனம் செய்தாலும் இதில் வேண்டாம். ஆங்கிலப் பாடங்கள் விரைவில் நிரம்பிவிடும், முன்பதிவு அவசியம். ஏறத்தாழ நான்கைந்து வயது முதல் பிள்ளைகளைச் சேர்த்துக்கொள்வார்கள். அதற்கும் சிறியவர்களுக்குப் பனிச்சறுக்கு வண்டியும் பனிமனிதனுமே போதும்.

உபகரணம் எடுக்கும்போது எடை, உயரம், வயதைக் கேட்பார்கள். வெட்கப்பட்டு எடையைக் குறைத்துச் சொல்லாதீர்கள். விழும்போது பலகை காலணியிலிருந்து கழன்றுவிட வேண்டும். எவ்வளவு விசையில் கழல வேண்டும் என்பதை அந்தக் கணக்கை வைத்துத்தான் அமைக்கிறார்கள். கணக்கு தவறினால் தேவையில்லாத நேரத்தில் கழலும், அல்லது தேவையான நேரத்தில் கழலாமல் முழங்காலைப் பதம் பார்க்கும்.

முதல் பாடம் நான்கு விஷயங்கள்தான்: சமதளத்தில் நடப்பது, பக்கவாட்டில் விழுவது, எழுவது, நிற்பது. நிற்பதற்குப் பலகைகளின் முன்நுனிகளை நெருக்கி, பின்பக்கத்தை விரித்து வைக்க வேண்டும். பிள்ளைகளுக்கு இதைப் 'பீட்சா துண்டு' என்று சொல்லித் தருவார்கள். நினைத்த இடத்தில் நிற்கத் தெரியும்வரை சேர் லிஃப்டில் ஏற வேண்டாம். தரையில் நகரும் பட்டை உள்ள திடலிலேயே பழகுங்கள்.

வரைபடத்தில் வண்ணங்களைக் கவனியுங்கள். ஜப்பானில் பச்சை தொடக்கநிலை, சிவப்பு இடைநிலை, கறுப்பு தேர்ந்தவர்களுக்கு. கயிறு கட்டி மூடிய பகுதிக்குள் யார் அழைத்தாலும் போகாதீர்கள். உங்களுக்குக் கீழே இருப்பவருக்கே முன்னுரிமை. மேலிருந்து வருபவர்தான் விலக வேண்டும். ஓய்வெடுக்க வேண்டுமானால் பாதையின் ஓரத்துக்கு வந்து நில்லுங்கள். களைத்த பிறகு 'இன்னும் ஒரு தடவை' என்று ஏறும்போதுதான் பலர் அடிபடுகிறார்கள். முதல் நாள் மதியம் இரண்டு மணியோடு நிறுத்துங்கள்.

உடல்நலமும் காப்புறுதியும்

இனிப்புநீர் உள்ளவர்கள் இன்சுலினை வெளிப்பையில் வைக்கக்கூடாது. உறைந்துபோன இன்சுலின் பயன்படாது; உடலை ஒட்டிய உள்பையில் வையுங்கள். சறுக்குவது கடும் உடற்பயிற்சி. சர்க்கரை அளவு சட்டென இறங்கலாம். மிட்டாய் கையில் இருக்கட்டும். ஆஸ்துமா உள்ள பிள்ளைகளுக்குக் குளிர்காற்றே தூண்டுகோல், இன்ஹேலரை மறக்காதீர்கள். இரத்த அழுத்தம், இதயநோய் உள்ளவர்கள் பயணத்துக்கு முன்பே மருத்துவரைப் பாருங்கள்.

புதுப்பனி புறஊதாக் கதிரில் 80 விழுக்காடு வரை திருப்பி அனுப்பும். நம் தோல் கறுப்புதானே என்று விடாமல் சூரியப் பூச்சும் கண்ணாடியும் அணியுங்கள்.

சாதாரணப் பயணக் காப்புறுதிகள் பல, பனிச்சறுக்கு விபத்தை ஏற்பதில்லை அல்லது தனிக் கட்டணம் கேட்கும். பத்திரத்தில் 'குளிர்கால விளையாட்டு' சேர்க்கப்பட்டுள்ளதா, மலையிலிருந்து மீட்கும் செலவு உண்டா என்று எழுத்துப்பூர்வமாகக் கேளுங்கள். கால் முறிந்தால் வெளிநாட்டு மருத்துவச் செலவு பயணச் செலவையே மிஞ்சிவிடலாம்.

சாப்பாடு

ஜப்பானிய சூப்பிலும் நூடல்சிலும் காய்கறி மட்டும் தெரிந்தாலும், அடியில் பெரும்பாலும் மீன் சாறு இருக்கும். கொரியக் கிம்ச்சியிலும் மீன் அல்லது இறால் சேர்ப்பது வழக்கம். சைவக் குடும்பங்கள் பருப்புப்பொடி, ஊறுகாய், சூடாக்கி உண்ணும் சாதம் கொண்டு போவது நல்லது. ஆனால் இறைச்சி சேர்ந்த எதையும், செருண்டிங் உட்பட, இரு நாடுகளும் அனுமதிப்பதில்லை. புதிய பழங்களும் கறிவேப்பிலையும் பறிமுதலாகும். வீட்டுச் சோற்றுக்குக்கரையும் தூக்கிப் போகாதீர்கள்; ஜப்பானில் மின்னழுத்தம் 100 வோல்ட் மட்டுமே, நம் குக்கர் அங்கே வேலை செய்யாது.

செலவைக் கணக்கிடும் முறை

விமான டிக்கெட் மலிவாகக் கிடைத்ததும் பயணமே மலிவு என்று எண்ணிவிடுகிறோம். பனியில் கழிக்கும் ஒவ்வொரு நாளுக்கும் ஒருவருக்கு லிஃப்ட் கட்டணம், உபகரணம், உடை, பாடம், மதிய உணவு என ஐந்து செலவுகள். அதைக் குடும்பத் தலைகளால் பெருக்கிப் பாருங்கள். தொகை தாங்காது என்றால் தலைகளைக் குறைக்காதீர்கள், நாள்களைக் குறையுங்கள். ஆறு நாள் பயணத்தில் ஒரு நாள் சறுக்கும் பாடமும், ஒரு நாள் பனி விளையாட்டும் முதல் முறைக்குத் தாராளம். சறுக்காதவர்களுக்கு லிஃப்ட் அட்டை வாங்க வேண்டாம். கொண்டோலா மட்டும் போய்வரும் சீட்டு உண்டா என்று கேளுங்கள். பாட்டி மேலே போய்ப் பேரப்பிள்ளை சறுக்குவதைப் பார்க்க அதுவே போதும்.

மலாக்கா சென்ட்ரலிலிருந்து விமான நிலையத்துக்குப் பேருந்து ஏறும் முன் வீட்டில் ஒரு முறை எல்லாரும் உட்கார்ந்து பேசுங்கள்: யார் சறுக்குவது, யார் விளையாடுவது, யார் பாட்டியோடு இருப்பது, எத்தனை மணிக்கு எங்கே சந்திப்பது. பனிமலையில் கைப்பேசி மின்கலம் குளிரில் சீக்கிரம் தீர்ந்துவிடும். சந்திக்கும் இடத்தையும் விடுதிப் பெயரையும் ஒரு தாளில் எழுதிப் பிள்ளைகளின் மேலுடைப் பையில் வைத்துவிடுங்கள்.