துரைக்கு முன் நின்ற ‘பெரிய’: தமிழில் பெயரடை தனி வகையான வரலாறு

முன்னுரை

மலேசியாவின் குளுவாங்கைச் சுற்றியுள்ள ரப்பர்த் தோட்டங்களில் நிர்வாகி ‘பெரிய துரை’. அவருக்கு அடுத்தவர் ‘சின்ன துரை’. இந்தப் ‘பெரிய’ எவ்வகைச் சொல்? இன்றைய தமிழ்ப்பள்ளி மாணவர் தயங்காமல் ‘பெயரடை’ என்பார். தொல்காப்பியத்திலும் நன்னூலிலும் அப்படியொரு வகையே இல்லை. இவ்விரு நிலைகளுக்கும் இடையே நிகழ்ந்த மாற்றத்தை இக்கட்டுரை ஆராய்கிறது.

பழைய பகுப்பு

தொல்காப்பியர் சொற்களைப் பெயர், வினை, இடை, உரி என நான்காக்கினார். உரிச்சொல்லே இன்றைய பெயரடை என்று சிலர் கருதுவதுண்டு. ஆனால் உரியியல் கூறும் உறு, தவ, நனி ஆகியவை வினைக்கும் அடையாக வருவன. ஆக, உரியும் பெயரடையும் ஒன்றல்ல.

பெயருக்கு முன் நின்று அதைச் சிறப்பிக்கும் சொற்களை மரபிலக்கணம் அவற்றின் பிறப்பை வைத்துப் பிரித்தது. தோட்டத்துச் சொற்களே இதற்குப் போதும். ‘பால்மரம்’ என்பதில் பால் பெயர்ச்சொல். ‘ஒட்டுப்பால்’ என்பதை வினைத்தொகை என மயங்கக்கூடும். வினைத்தொகையில் வல்லினம் மிகாது, இங்கே ‘ப்’ மிகுந்திருப்பதால் ஒட்டு என்பதும் பெயரே. ‘செம்மண்’ பண்புத்தொகை. ‘வெட்டிய மரம்’ தெரிநிலைப் பெயரெச்சம். ‘பெரிய துரை’ குறிப்புப் பெயரெச்சம். அதாவது காலத்தை வெளிப்படையாகக் காட்டாத வினையின் எச்சம்.

அயலார் பார்வை

பழைய கிரேக்க, இலத்தீன் இலக்கணங்களும் பண்புச் சொல்லைப் பெயருக்குள்ளேயே அடக்கின. ஐரோப்பாவில் அது தனி வகையானது பிற்காலத்தில்தான். சீகன்பால்கு 1716இல் ஹாலே நகரில் வெளியிட்ட தமிழ் இலக்கணம் இலத்தீனில் எழுதப்பட்டது. இத்தகைய நூல்களில் தமிழ், ஐரோப்பிய இலக்கணச் சட்டத்துக்குள் வைத்துப் பார்க்கப்பட்டது. 1856இல் ஒப்பிலக்கணம் வெளியிட்ட கால்டுவெல், திராவிட மொழிகளில் இவ்வேலையைப் பண்புப் பெயர்களும் எச்சங்களுமே செய்வதையும், அடைகள் தாம் தழுவும் பெயரின் பால், எண், வேற்றுமைக்கு ஏற்ப மாறாததையும் சுட்டினார்.

இருபதாம் நூற்றாண்டில் பிறப்பு பின்தங்கி, தொடரில் நிற்கும் இடமே அளவுகோலானது. 1992இல் வந்த கிரியாவின் தற்காலத் தமிழ் அகராதி ‘பெ.அ.’ என்ற குறிப்போடு சொற்களைத் தந்தது. எம்.ஏ. நுஃமானின் ‘அடிப்படைத் தமிழ் இலக்கணம்’ பெயரடையைத் தனிச் சொல்வகையாக வைத்தது. இப்பார்வையில் வேறுபாடு தெளிவு: பெயர் வேற்றுமை ஏற்கும், ‘வெட்டிய’ என்பது ‘வெட்டுகிற’, ‘வெட்டாத’ எனக் காலமும் எதிர்மறையும் காட்டும், ‘பெரிய’ இரண்டையும் ஏற்காது, ஆனால் ‘மிகப் பெரிய’ என மிகுதி கொள்ளும்.

மலாயுடன் ஓர் ஒப்பீடு

மலாய் இலக்கண அறிஞர் சஅபா, ‘காத்தா சிஃபாட்’ என்று பண்புச் சொல்லுக்குத் தனி இடம் தந்தார். குளுவாங் ரயில் நிலையக் கடையில் ‘கோப்பி ஓ கோசோங்’ (சர்க்கரை இல்லாத கறுப்புக் கோப்பி) கேட்பவர் அடையைப் பெயருக்குப் பின்னால் வைக்கிறார். இடத்தைவிட முக்கியமான வேறுபாடு ஒன்று உண்டு. ‘கோப்பி பானாஸ்’ (சூடான கோப்பி), ‘கோப்பி இனி பானாஸ்’ (இந்தக் கோப்பி சூடாக இருக்கிறது) இரண்டிலும் ‘பானாஸ்’ மாறுவதில்லை. தமிழில் ‘சூடான கோப்பி’ என்றது ‘கோப்பி சூடாக இருக்கிறது’ என்றாகிறது. ‘பெரிய வீடு’, ‘வீடு பெரியது’ என்றாகிறது.

முடிவுரை

மலாய் வழியே யோசிக்கும் பிள்ளை ‘அந்த வீடு பெரிய’ என்று நிறுத்தினால், ‘பெயரடை பெயருக்கு முன்தான் வரும்’ என்று ஆசிரியர் திருத்தலாம். ‘பெரியது’ என்பதன் ‘து’ எங்கிருந்து வந்தது என்று பிள்ளை கேட்டால் அந்த விதி போதாது. ‘வந்தது’ என்பதில் இருக்கும் அதே ‘து’தான் அது; ‘பெரிய’ குறிப்பு வினையின் கிளை என்ற பழைய விளக்கம் அதற்கு விடை தருகிறது. புதிய பெயர் சொல் நிற்கும் இடத்தைக் காட்டுகிறது. பழைய பகுப்பு அது பிறந்த வீட்டைக் காட்டுகிறது. வகுப்பறைக்கு இரண்டும் வேண்டும்.