மழைமானியிலிருந்து மலைச்சரிவு வரை: திருவண்ணாமலையை முன்வைத்து இடர் முன்னறிவிப்பு அறிவியலின் வரலாறும் வருங்கால உத்தியும்

இந்தியாவில் வானிலை முன்னறிவிப்பு அறிவியல் பெரிதும் கடலை நோக்கியே வளர்ந்தது. மழை நிலத்தில் விழுந்த பிறகு மலைச்சரிவு என்ன ஆகும் என்னும் கேள்வி வேறொரு துறையின் பொறுப்பில், வேறொரு வேகத்தில், பெரும்பாலும் இமயமலையையும் மேற்குத் தொடர்ச்சி மலையையும் மனத்தில் கொண்டே ஆராயப்பட்டது. இவ்விரு ஆய்வு மரபுகளும் ஒன்றையொன்று சந்திக்காமல் விட்ட இடைவெளியில், சமவெளியிலிருந்து தனித்தெழும் குன்றுகளும் அவற்றின் அடிவாரத்தில் நெருக்கமாக அமைந்த ஊர்களும் கவனிப்பாரின்றி நின்றன. 2024 டிசம்பர் 1 அன்று திருவண்ணாமலை வ.உ.சி. நகரில் ஐந்து குழந்தைகள் உட்பட ஏழு பேர் உயிரிழக்கக் காரணமான மண்சரிவு அந்த இடைவெளியிலேயே நிகழ்ந்தது. அவ்விரு மரபுகளின் வளர்ச்சியையும், இப்போது புழக்கத்துக்கு வந்துகொண்டிருக்கும் செயற்கைக்கோள் ராடார், கணினிவழி முன்னறிவிப்பு, உணர்கருவி ஆகியவை அண்ணாமலை போன்ற ஒரு தனிமலைக்கு எந்த அளவுக்குப் பயன்படும் என்பதையும் இக்கட்டுரை ஆராய்கிறது.

அண்ணாமலை கடல் மட்டத்திலிருந்து ஏறக்குறைய 800 மீட்டர் உயரமுடையது. அதைச் சுற்றிவரும் கிரிவலப் பாதையின் நீளம் 14 கிலோமீட்டர். அப்பாதையை வட்டமாகக் கொண்டு கணக்கிட்டால் அதன் குறுக்களவு சுமார் நாலரை கிலோமீட்டரே என்பது இக்கட்டுரையின் பிற்பகுதி வாதத்துக்கு அடிப்படையாக அமையும். மலையின் கிழக்கே பெருங்கோயிலும் பழைய ஊரும், தெற்கே செங்கம் சாலையை ஒட்டி ரமணாசிரமமும் உள்ளன. ரமணர் 1896இல் திருவண்ணாமலைக்கு வந்து, 1899 முதல் 1916 வரை விரூபாட்ச குகையிலும் அதன்பின் 1922 வரை கந்தாசிரமத்திலுமாக மலைமேலேயே வாழ்ந்தார். 1922இல் தாயார் மறைந்து, அடிவாரத்தில் அவருடைய சமாதி அமைந்த பிறகே அவ்விடத்தில் ஆசிரமம் உருவாயிற்று. ஊருக்குச் சற்று விலகி ஆளரவமற்றிருந்த அப்பகுதி, ஒரு நூற்றாண்டில், மலையடிவாரத்துக்கும் சமுத்திரம் ஏரிக்கும் இடைப்பட்ட குறுகிய நிலத்தில் விடுதிகளும் குடியிருப்புகளும் கடைகளும் செறிந்த நகர்ப்புறமாக மாறியுள்ளது. மலையின் கிழக்குச் சரிவில் குடியிருப்புகள் இன்னும் மேலே ஏறிச் சென்றுள்ளன. சரிவின் அபாயத்தை மதிப்பிடும்போது மலையை மட்டும் அளந்தால் போதாது என்பதும், அடிவாரத்தில் யார் எங்கே எந்த ஓடையின் வழியில் வாழ்கிறார்கள் என்பதும் சமமாக அளக்கப்பட வேண்டும் என்பதும் இந்நிலஅமைப்பிலிருந்தே புலனாகும்.

வானிலைப் பதிவின் வரலாறு தமிழகத்தில் தொன்மையானது. 1792இல் சென்னை நுங்கம்பாக்கத்தில் நிலைபெற்ற வானாய்வகத்தில், ஜான் கோல்டிங்ஹாமின் பொறுப்பில், பதினெட்டாம் நூற்றாண்டு முடிவதற்குள்ளாகவே வெப்பமும் காற்றழுத்தமும் முறையாகக் குறிக்கப்பட்டன. ஆயினும் அளப்பது ஒன்று, முன்னறிவிப்பது மற்றொன்று. 1864இல் கல்கத்தாவைத் தாக்கிய பெரும்புயலும் அதைத் தொடர்ந்து 1866, 1871ஆம் ஆண்டுகளில் பருவமழை பொய்த்து நேர்ந்த பஞ்சங்களும் அரசை உலுக்கிய பின்னரே, 1875இல் இந்திய வானிலை ஆய்வுத் துறை நிறுவப்பட்டு, ஹென்றி பிளான்ஃபோர்டு அதன் முதல் தலைவரானார். அதற்குப் பத்தாண்டு முன்பே, 1865இல், கல்கத்தா துறைமுகத்துக்குப் புயல் எச்சரிக்கை முறை ஏற்பட்டுவிட்டது. கப்பலும் சரக்கும் முதலில் காக்கப்பட்டன என்பதை இவ்வரிசை காட்டுகிறது.

கடல்நோக்கிய இப்பார்வை இருபதாம் நூற்றாண்டிலும் தொடர்ந்தது. அதற்கு வலுவான காரணங்களும் இருந்தன. 1964 டிசம்பரில் தனுஷ்கோடியை அழித்த புயலும், 1977 நவம்பரில் ஆந்திரத்தின் திவிசீமையில் பல்லாயிரவரைப் பலிகொண்ட புயலும் கரையோர எச்சரிக்கையை நாட்டின் முதன்மைப் பணியாக்கின. சென்னையில் 1973இல் புயல் கண்டறியும் ராடார் நிறுவப்பட்டது. 1983இல் விண்ணேறிய இன்சாட்-1பி வங்கக் கடலின் மேகப் படங்களைத் தொடர்ந்து அனுப்பியது. 2002இல் பழைய ராடாரின் இடத்தை டாப்ளர் ராடார் பெற்றது. மழைத்துளியின்மீது பட்டுத் திரும்பும் அலையின் அதிர்வெண் மாற்றத்தைக் கொண்டு காற்று எத்திசையில் எவ்வேகத்தில் நகர்கிறது என்பதையும் கணக்கிட வல்லது டாப்ளர் ராடார். புயல் உயிரிழப்பு அடுத்தடுத்த பத்தாண்டுகளில் பெருமளவு குறைந்தது இந்த முதலீட்டின் பயனே. அதைக் குறைத்து மதிப்பிடுவது நியாயமாகாது.

மலைச்சரிவு பற்றிய அறிவியல் பொறியியலிலிருந்து பிறந்தது. நீர் நிறைந்த மண்ணில் துகள்களுக்கு இடையேயுள்ள இடுக்குகளில் நீர் ஏற்படுத்தும் அழுத்தமே துளைநீர் அழுத்தம் எனப்படும். அவ்வழுத்தம் உயரும்போது துகள்கள் ஒன்றையொன்று பற்றியிருக்கும் வலிமை குறைகிறது என்னும் கோட்பாட்டைக் கார்ல் டெர்ஸாகி 1920களில் வகுத்தார். அண்ணாமலை போன்ற பழம்பாறைக் குன்றுகளில் இதன் விளைவு தெளிவானது: கெட்டிப் பாறையின்மீது சிதைந்த மண்ணும் உருண்ட பாறைக் குண்டுகளும் மெல்லிய போர்வையாகக் கிடக்கின்றன, மழைநீர் மண்ணுக்குள் இறங்கிப் பாறைமுகத்தில் தடைபட்டுத் தேங்குகிறது, தேங்கிய நீரின் அழுத்தம் ஓர் அளவைக் கடந்ததும் போர்வை பாறைக் குண்டுகளோடு சேர்ந்து வழுக்கி இறங்குகிறது. சரிவின் அடியை வெட்டி வீடு கட்டுவதும் ஓடையின் வழியை அடைப்பதும் இந்நிகழ்வை விரைவுபடுத்தும்.

எவ்வளவு மழைக்கு இது நிகழும் என்னும் வினாவுக்கு 1980இல் நெல் கெய்ன் என்னும் புவியியலாளர், உலகின் பல பகுதிகளில் நிகழ்ந்த 73 சரிவுகளைத் தொகுத்து ஒரு வரம்பளவை முன்வைத்தார்: மழை நீடிக்கும் நேரம் கூடக்கூட, சரிவைத் தூண்டத் தேவையான மணிக்கணக்கு வேகம் குறைந்துகொண்டே வரும். அவருடைய சூத்திரத்தின்படி 24 மணி நேரத்துக்கு அந்த வரம்பு ஏறக்குறைய 103 மில்லிமீட்டர். வடகிழக்குப் பருவமழையை நம்பியிருக்கும் வட தமிழக மாவட்டங்களில் ஒரே நாளில் அந்த அளவு மழை பெய்வது அரிதன்று. பெய்தபோதெல்லாம் மலை சரிந்ததுமில்லை. உலகப் பொது வரம்பை அப்படியே கடன்வாங்கினால் எச்சரிக்கை ஆண்டுதோறும் பொய்க்கும், பொய்த்த எச்சரிக்கையை மக்கள் மதிக்க மாட்டார்கள். ஒவ்வொரு மலைக்கும் அதன் மண், சாய்வு, மரச்செறிவு ஆகியவற்றுக்கேற்ற தனி வரம்பு கணிக்கப்பட வேண்டும் என்பதே கெய்னுக்குப் பின்வந்த ஆய்வுகள் அனைத்தின் சாரம்.

இதைச் செயலில் காட்டிய நகரம் ஹாங்காங். 1972, 1976ஆம் ஆண்டுகளில் சவ் மவ் பிங் என்னும் குடியிருப்பில் சரிவுகள் பலரைப் பலிகொண்ட பின், 1977இல் அங்கே மண்பொறியியலுக்கெனத் தனி அலுவலகமும் சரிவு எச்சரிக்கை முறையும் தொடங்கப்பட்டன. மனிதர் வெட்டியும் நிரப்பியும் உருவாக்கிய சுமார் 60,000 சரிவுகள் பதிவேட்டில் ஏறின. பதிவான சரிவுகளில் அவற்றின் எண் தாங்கிய பலகை பொருத்தப்பட்டிருப்பதை இன்றும் தெருவோரங்களில் காணலாம். கடந்த 21 மணி நேரம் பெய்த மழையோடு அடுத்த மூன்று மணி நேரத்துக்கு எதிர்பார்க்கப்படும் மழையையும் கூட்டி அங்கே எச்சரிக்கை முடிவாகிறது. இங்கே குறிப்பிடத்தக்கது கருவிகளின் நுட்பமன்று. ஒவ்வொரு சரிவுக்கும் ஓர் எண்ணும் அதைப் பராமரிக்கும் பொறுப்பாளரும் உண்டு என்னும் ஆட்சிமுறையே அம்முறையின் முதுகெலும்பு.

இந்தியாவில் இந்திய நிலவியல் ஆய்வுத் துறை 2004இல் மலைச்சரிவு ஆய்வுக்கான ஒருங்கிணைப்பு அமைப்பாக அறிவிக்கப்பட்டது. 2009 நவம்பரில் நீலகிரியின் கேத்தியில் ஒரே நாளில் 82 சென்டிமீட்டர் மழை கொட்டி, மாவட்டமெங்கும் சரிவுகள் ஏற்பட்டு நாற்பதுக்கும் மேற்பட்டோர் மாண்டது தமிழகத்தின் கவனத்தை இத்துறையின்பால் திருப்பியது. அதே ஆண்டில் மூணாற்றில் அமிர்தா பல்கலைக்கழகம் மண்ணின் ஈரத்தையும் துளைநீர் அழுத்தத்தையும் அளந்து கம்பியில்லா வழியில் அனுப்பும் உணர்கருவி வலையை நிறுவியது. 2014இல் தொடங்கிய தேசிய மலைச்சரிவு வாய்ப்பு வரைபடத் திட்டம் நாட்டின் ஏறக்குறைய 4.2 லட்சம் சதுர கிலோமீட்டர் மலைநிலத்தை 1:50,000 அளவையில் வரைந்தது. இத்திட்டத்தின் எல்லையே இக்கட்டுரைக்கு முக்கியமான சான்று. இமயமலையும் வடகிழக்கு மாநிலங்களும் மேற்குத் தொடர்ச்சி மலையும் அதில் அடங்கின; கிழக்குத் தொடர்ச்சி மலையில் ஆந்திரத்தின் அரக்குப் பகுதி மட்டுமே இடம்பெற்றது. சமவெளியில் தனித்து நிற்கும் அண்ணாமலை அவ்வரையறைக்குள் வரவில்லை. வந்திருந்தாலும் 1:50,000 அளவையில் ஒரு சென்டிமீட்டர் அரை கிலோமீட்டரைக் குறிக்கும். ஒரு தெரு அதில் சில மில்லிமீட்டர்தான். 2020 முதல் டார்ஜிலிங், நீலகிரி மாவட்டங்களுக்குச் சோதனை முன்னறிவிப்புகள் வழங்கப்பட்டன. 2024 ஜூலையில் கொல்கத்தாவில் தேசிய மலைச்சரிவு முன்னறிவிப்பு மையம் திறக்கப்பட்டது. திருவண்ணாமலையில் மண் சரிந்தபோது அந்த மையத்துக்கு ஐந்து மாதம்கூட நிறைந்திருக்கவில்லை.

ஃபெஞ்சல் புயல் 2024 நவம்பர் 30 இரவு புதுச்சேரி அருகே கரையைக் கடந்து, வழக்கம்போல் உள்நாட்டுக்குள் விரைந்து நலிந்துபோகாமல், பல மணி நேரம் கரையருகிலேயே ஏறத்தாழ அசையாமல் நின்றது. புதுச்சேரியில் 24 மணி நேரத்தில் 46 சென்டிமீட்டருக்கு மேலும், விழுப்புரம் மாவட்டம் மயிலத்தில் 50 சென்டிமீட்டரை ஒட்டியும் மழை பெய்தது. மாவட்ட அளவிலான கனமழை எச்சரிக்கைகள் வெளியாகியிருந்தன. டிசம்பர் 1 மாலை அண்ணாமலையின் கிழக்குச் சரிவிலிருந்து மண்ணும் பெரும்பாறையும் இறங்கி வ.உ.சி. நகரில் ஒரு வீட்டை மூடின. மாவட்டம் முழுமைக்கும் பொருந்திய ஓர் எச்சரிக்கை, அந்தத் தெருவில் இருந்தவர்களிடம் வீட்டைவிட்டு வெளியேறச் சொல்லவில்லை. அப்படிச் சொல்லும் நிலையில் எந்த நிறுவனமும் அன்று இருக்கவில்லை.

இன்றைய புதிய தொழில்நுட்பங்கள் இக்குறையைத் தீர்க்குமா என்பதை ஒவ்வொன்றாகப் பார்க்க வேண்டும். சென்னை ராடாரிலிருந்து திருவண்ணாமலை நேர்க்கோட்டில் சுமார் 160 கிலோமீட்டர். காரைக்கால் ராடாரும் ஏறக்குறைய அதே தொலைவில் உள்ளது. ராடார் அலை அரைப்பாகை சாய்வில் மேல்நோக்கிச் செல்வதாலும் பூமி வளைந்திருப்பதாலும், அவ்வளவு தொலைவில் அது காண்பது தரையிலிருந்து ஏறக்குறைய மூன்று கிலோமீட்டர் உயரத்திலுள்ள மழையை. மலைமுகட்டுக்கும் அடிவாரத்துக்கும் இடையே நிகழ்வது அதன் பார்வைக்குக் கீழே நழுவிவிடுகிறது. மாநில அரசு அறிவித்த ஏற்காடு ராடார் தொலைவைக் குறைக்கும் என்பதால் அது விரைந்து இயங்கத் தொடங்குவது இம்மாவட்டத்துக்கு நன்மை தரும். 2025 மே மாதம் பயன்பாட்டுக்கு வந்த பாரத் முன்னறிவிப்பு முறை நிலப்பரப்பை 6 கிலோமீட்டர் கட்டங்களாகப் பிரித்துக் கணிக்கிறது. உலக அளவில் இது பெரும் சாதனை. ஆயினும் நாலரை கிலோமீட்டர் குறுக்களவுள்ள அண்ணாமலை முழுவதும் அதில் ஒரே கட்டத்துக்குள் அடங்கிவிடும். பழைய வானிலைத் தரவுகளிலிருந்து கற்றுக்கொண்டு சில நிமிடங்களில் பத்து நாள் முன்னறிவிப்பைத் தரும் கிராஃப்காஸ்ட் போன்ற செயற்கை நுண்ணறிவு மாதிரிகளோ ஏறக்குறைய 28 கிலோமீட்டர் கட்டங்களில் இயங்குகின்றன. ஒரு புயல் கரையோரத்தில் தங்கி நிற்குமா என்பதை அவை முன்னதாகச் சொல்லக்கூடும், எந்த ஓடை பெருகும் என்பதைச் சொல்ல இயலாது.

இஸ்ரோவும் நாசாவும் இணைந்து உருவாக்கி, 2025 ஜூலை 30 அன்று ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து ஏவப்பட்ட நிசார் செயற்கைக்கோள் வேறு வகையைச் சார்ந்தது. ஒரே இடத்தை 12 நாளுக்கொருமுறை ராடாரால் படமெடுத்து, இரு படங்களின் அலைகளை ஒப்பிட்டுத் தரையின் மிகச் சிறிய அசைவையும் கண்டறியும் குறுக்கீட்டு முறையை அது பயன்படுத்துகிறது. அதன் நீள அலை, மரஞ்செடிகளை ஓரளவு ஊடுருவித் தரையை எட்டக்கூடியது என்பதால், பல ஆண்டுத் தன்னார்வ உழைப்பால் மீண்டும் பசுமை பூண்டுள்ள அண்ணாமலைக்கு அது பொருத்தமானது. எனினும் மெதுவாக நகரும் சரிவுகளையே இம்முறை நன்கு காட்டும். ஒரு மாலைப்பொழுதின் மழையில் திடீரெனப் பெயரும் மண்ணை 12 நாள் இடைவெளி பிடித்துவிடாது. பக்கவாட்டில் நோக்கும் ராடாருக்கு மலையின் சில முகங்கள் மறைந்தும் போகும். ஆகவே நிசார் தரவு, மழைக்காலத்துக்கு முன்பே எந்தச் சரிவு தளர்ந்திருக்கிறது எனத் தேர்ந்து, குறைவாகக் கிடைக்கும் தரைக் கருவிகளை எங்கே வைப்பது என முடிவுசெய்யப் பயன்படலாம். கடைசி நேர எச்சரிக்கை தரையிலிருந்தே வர வேண்டும். மண்டி ஐ.ஐ.டி. இமாச்சல மலைச்சாலைகளுக்காக உருவாக்கிய குறைந்த விலை உணர்கருவிகள் அதற்கு வழி உண்டென்பதைக் காட்டியுள்ளன. 2023இல் நாடெங்கும் கைப்பேசிகளில் ஒலித்துச் சோதிக்கப்பட்ட செல் ஒலிபரப்பு முறை, குறிப்பிட்ட கோபுரங்களின் எல்லைக்குள் இருப்போருக்கு மட்டும் எச்சரிக்கையை அனுப்ப வல்லது. கடைசித் தெருவரை செய்தி செல்லும் வழி, ஆக, ஏற்கெனவே இருக்கிறது. அதில் அனுப்பத்தக்க, அந்தத் தெருவுக்கே உரிய செய்தி இன்னும் உருவாகவில்லை.

இதிலிருந்து வருங்கால உத்திக்கு எழும் முன்னுரிமை தெளிவு. மலையின் வெவ்வேறு உயரங்களிலும் முகங்களிலும் மணிக்கணக்கில் பதியும் தானியங்கி மழைமானிகள் முதலில் வேண்டும். கந்தாசிரமம் செல்லும் பாதையிலும் ஆசிரமத்தின் பின்புறச் சரிவிலும் குடியிருப்புகளுக்கு மேலேயும் அவற்றை வைத்துக் காக்க இடமும் ஆளும் உண்டு. ஆயிரத்தில் ஒன்று, இரண்டாயிரத்தில் ஒன்று போன்ற விரிவான அளவையில் ஓடைகளையும் பாறைக் குண்டுகளையும் வீடுகளையும் ஒரே வரைபடத்தில் கொண்டுவருவது அடுத்தது. மரங்களின் வேர் மேல்மண்ணைப் பிடித்துவைக்கும் என்பது உண்மையே. ஆனால் பாறைமுகத்தில் தேங்கும் நீரையும் ஓடையின் மேல் கட்டிய சுவரையும் வேர் ஈடுசெய்யாது. ஆகவே காடு வளர்ப்பைக் காரணம் காட்டிச் சரிவில் புதிய கட்டுமானத்துக்கு இசைவளிப்பது தவறான கணக்காகும்.

2024ஆம் ஆண்டுக் கார்த்திகைத் தீபம் டிசம்பர் 13 அன்று வந்தது. நிலவியல் வல்லுநர்கள் மலையை ஆராய்ந்த பின், கொப்பரையும் நெய்யும் திரியும் கொண்டுசெல்வோரைத் தவிரப் பக்தர்கள் மலையேற அனுமதிக்கப்படவில்லை. சரிவு பற்றிய அறிவியல் மதிப்பீடு இம்மலையில் நடைமுறை முடிவாக மாறிய முக்கியமான நிகழ்வு அது. மக்களும் பெரும்பாலும் அதை ஏற்றுக்கொண்டனர். கார்த்திகை என்பது வடகிழக்குப் பருவமழையின் உச்சத்தை ஒட்டிய மாதம், மலையிலும் அடிவாரத்திலும் ஆண்டின் மிகப்பெரும் கூட்டம் திரள்வதும் அப்போதுதான். எத்தனை மில்லிமீட்டர் பதிவானால், எந்தத் தெருவினரை, யாருடைய உத்தரவின்பேரில், எந்தப் பள்ளிக்கு அல்லது மண்டபத்துக்கு இரவிலேயே அழைத்துச் செல்வது என்பதும் அதே முறையில் முன்கூட்டி எழுதப்பட வேண்டியது. அதற்கான வரம்பளவைக் கணிக்க ஒரு மலையின் மழைப் பதிவு பல பருவங்களுக்குத் தொடர்ச்சியாகத் தேவைப்படும். மழைமானி வைக்கப்படாத ஒவ்வொரு பருவமும் அக்கணிப்பை ஓராண்டு பின்தள்ளுகிறது.