கைநாட்டும் கணக்கேடும்

மெகபூப் கான் இயக்கிய 'மதர் இந்தியா' 1957-இல் வெளிவந்தது. இராதாவாக நடித்த நர்கீசைக் கண்டோர் கண்ணீர் உகுத்தனர், "அன்னை எனின் இவளன்றோ அன்னை!" என்று போற்றினர். எருது இழுக்கவேண்டிய ஏரைத் தன் தோளால் இழுத்து நிலத்தை உழுதாளே, அக்காட்சியை மறந்தவர் எவர்? ஆயின், மண்ணோடு மல்லாடிய அந்தத் தோளுக்கு மாலை சூட்டியவர்கள், அவளை அந்நிலைக்கு ஆளாக்கியது எது என்று கேட்டனரா? ஊழ்வினையா? தெய்வத்தின் சோதனையா? ஒரு கணக்கேடு! லேவாதேவிக்காரர் சுகிலாலாவின் மடியில் கிடந்த கணக்கேடு!

இதே கதையை 1940-இல் 'ஔரத்' என்ற பெயரில் எடுத்தவர் மெகபூப். 'ஔரத்' என்றால் பெண். 17 ஆண்டுகள் கழித்துப் பெண் அன்னையானாள். அன்னை நாடே ஆனாள். 1927-இல் காதரின் மேயோ என்னும் அமெரிக்க மாது 'மதர் இந்தியா' என்ற நூலெழுதி இந்நாட்டைப் பழித்தார். அந்தப் பெயரையே பறித்து, அதற்கு மறுமொழியாகப் படத்துக்குச் சூட்டினர். பெண்ணுக்குப் பட்டம் உயர்ந்தது. லேவாதேவிக்காரர் மட்டும் மாறவில்லை. இரு படங்களிலும் சுகிலாலாவாக வந்தவர் ஒரே நடிகர், கன்னையாலால்!

கடன் எப்படி மூண்டது? இராதாவின் திருமணத்துக்காக மாமியார் வாங்கிய 500 ரூபாய். விளைச்சலில் கால் பங்கு வட்டி என்பதுதான் பேச்சு என்கிறாள் முதியவள். முக்கால் பங்கு என்கிறது ஏடு. எழுத்தறியாதவளின் நாவுக்கும் எழுதப்பட்ட ஏட்டுக்கும் வழக்கு. ஊர்ப் பெரியவர்கள் ஏட்டின் பக்கம் நின்றனர். பின்னர் நடந்தவை யாவும் அந்தத் தீர்ப்பின் பிள்ளைகளே. கூடுதலாக விளைவிக்கலாம் என்று கற்பாறை நிலத்தைத் திருத்தப்போன கணவன் சாமு இரு கைகளையும் இழந்தான். வெட்கம் தின்ன, ஒருநாள் இரவோடு இரவாக வீட்டை விட்டே போனான். வெள்ளம் வந்தது, பசி வந்தது, குழந்தை மாண்டது. அந்நேரம் பார்த்து உணவைக் காட்டி அவளையே விலை பேசினான் சுகிலாலா!

கற்பனைக் கதை என்று தள்ளிவிடலாமா? வரலாறு விடாது. தக்காணத்தில், புனா மாவட்டத்துச் சூபா என்னும் சந்தை ஊரில், 1875-ஆம் ஆண்டு மே 12-ஆம் நாள் உழவர் திரண்டனர். லேவாதேவிக்காரர்களின் வீடுகளை முற்றுகையிட்டனர். அவர்கள் கேட்டது நகையன்று. கடன் பத்திரமும் கணக்கேடும். கொடுத்தவரைப் பெரும்பாலும் தொடவில்லை, ஏட்டைத்தான் எரித்தனர். அகமத்நகர் வரை பரவிற்று அந்த நெருப்பு.

கூர்ந்து நோக்கத்தக்க செய்தி ஒன்றுண்டு. வட்டி மலைபோல் குவியாதிருக்கக் கடன் பத்திரம் மூன்றாண்டுகளே செல்லும் என்று 1859-இல் சட்டம் வந்தது. நல்ல நோக்கம்தான். லேவாதேவிக்காரர் என்ன செய்தார்? மூன்றாண்டு முடியும் வேளையில் உழவனை அழைத்தார். கட்டாத வட்டியை முதலோடு சேர்த்தார். புதுப் பத்திரம் எழுதி, கைநாட்டு வாங்கினார். உழவனைக் காக்க வந்த சட்டமே அவன் கடன் குட்டி போட வழியாயிற்று! கலகத்தை ஆராய்ந்த ஆணையம், திருமணச் செலவே உழவனின் கடனுக்குக் காரணம் எனும் பேச்சுக்கு அளவுக்கு மீறிய இடம் தரப்பட்டுவிட்டது என்று கருதியது. ஆடம்பரத் திருமணத்தைச் சாடுவோருக்கு இது சுவைக்காது, நானும் சாடுபவனே. ஆனாலும் 500 ரூபாயை ஒரு குடும்பம் அடைத்துவிடலாம். என்றும் முடியாதபடி எழுதப்பட்ட 500 ரூபாயை எவர் அடைப்பார்? 1879-இல் தக்காண உழவர் நிவாரணச் சட்டம் பிறந்தது. ஆயினும், 1951-52-இல் நடந்த அகில இந்திய ஊரகக் கடன் ஆய்வு, உழவர் பெற்ற கடனில் நூற்றுக்கு ஏறத்தாழ 70 பங்கு லேவாதேவிக்காரரிடமிருந்தே வந்தது என்றது. கூட்டுறவுச் சங்கங்கள் தந்ததோ 3 பங்கு! அந்த அறிக்கை 1954-இல் வெளிவந்தது. மூன்றாண்டு கழித்துத் திரையில் தோன்றிய சுகிலாலா பழங்காலத்துப் பேயல்லர். பார்த்தவர்களின் பக்கத்துத் தெருக்காரர்.

இக்கணக்கே தன் குடியைக் கெடுத்தது என்று கண்டவன் மகன் பிர்ஜு ஒருவனே. அவனைக் கதை என் செய்தது? கொள்ளைக்காரனாக்கியது, சுகிலாலாவைக் கொல்லவைத்தது, அவர் மகளைத் தூக்கிச் செல்லவைத்தது, பெற்றவள் கையாலேயே சுடவைத்தது. அந்தப் பெண் என்ன பிழை செய்தாள்? அவளைக் காக்கத் துப்பாக்கி எடுத்த இராதாவை நான் குறை கூறேன். என் வழக்கு கதையோடு. தானியத்தைப் பற்றி எழுந்த வழக்கை மானத்தைப் பற்றிய வழக்காக மாற்றி, தாய் கொடுத்த தீர்ப்பின் புகழொளியில் முதல் வழக்கை மறைத்துவிட்டதே! சுகிலாலா மாண்டார், முக்கால் பங்கு நீதியா அநீதியா என்பதற்கு விடை வரவில்லை. முதுமையில் இராதாவை அழைத்துக் கால்வாயைத் திறக்கச் சொன்னார்கள். தண்ணீர் வந்தது. அது பாயும் நிலம் எவர் பெயரில்?

படம் வருவதற்கு ஓராண்டு முன்னர், 1956-இல், இந்து வாரிசுரிமைச் சட்டம் கைம்பெண்ணுக்குச் சொத்தில் முழு உரிமை தந்தது. இராதாவோ கைம்பெண்ணும் அல்லள். கணவன் எங்கிருக்கிறான் என்றறியாதவள். அச்சட்டமும் ஒரு கதவைத் திறந்தே வைத்தது: உழுநிலக் குத்தகை உரிமை அந்தந்த மாநிலச் சட்டப்படியே இறங்கும் என்றது. வடபுலத்தில் சில மாநிலச் சட்டங்கள் ஆண் வழியினரையே முன்னிறுத்தின. அந்த விலக்கு 2005-இல்தான் நீக்கப்பட்டது. பத்தாண்டு கழித்து, 2015-16 வேளாண் கணக்கெடுப்பில் சாகுபடி நிலத்தை நடத்துவோராகப் பதிவானவர்களுள் பெண்கள் நூற்றுக்கு 14 பேர்.